கழற்றிய எஞ்சின்

மணிவண்ணனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பக்கத்து வீட்டு எட்வின் வாங்கினான். எஞ்சினை நம்ப முடியாது என்று கழற்றிவிட்டுப் புதிதாக வேறொன்று பொருத்தினான். பழையதை மணிவண்ணன் கேட்டு வாங்கி, அல்வாலில் இருந்த தன் வீட்டு ஷெட்டில் வைத்துக்கொண்டார்.

எட்வின் தினமும் அந்தக் காரில் மாதாப்பூர் ஆபீசுக்குப் போய்வந்தான். "ஒரு நாள்கூட நிக்கல, பரேஷானே இல்ல, ஒரு தொல்லையும் இல்லண்ணா!" என்பான். மணிவண்ணனுக்கு வயிறு எரியும். அவரிடம் இருந்த எட்டு வருஷமும், பக்கத்திலிருக்கும் போலாரம் போனால்கூட அதைத் தள்ளிக்கொண்டுதான் திரும்புவார்.

ஒரு மாலை அவர் மனைவி மைதிலி ஷெட்டிலிருந்து, "என்னங்க, இந்த எஞ்சின் சுடுது" என்றாள். தொட்டுப் பார்த்தார். சுட்டது. மறுநாளும் எட்வின் வீடு திரும்பிய நேரத்தில் சுட்டது. அவன் வண்டியை எடுக்காத ஞாயிற்றுக்கிழமை ஜில்லென்று இருந்தது.

திங்கட்கிழமை காலை மணிவண்ணன் அதிலிருந்த ஆயில் முழுவதையும் வடித்துவிட்டார். எட்வின் நடுரோட்டில் நிற்கட்டும் என்று நினைத்தார்.

மாலையில் எட்வின் சிரித்தபடி வந்து இறங்கினான். "இன்னிக்கு ரிங் ரோட்ல பறந்துச்சுண்ணா!"

மணிவண்ணன் ஷெட்டுக்கு ஓடினார். ஆயில் இல்லாத எஞ்சின் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு தடவையாவது இப்படி ஓடினியா?" என்று கேட்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். மைதிலி வந்து இழுக்கும்வரை எடுக்கவில்லை.