சீட்டு யார் பேருக்கு

"சீட்டு இருக்கா?"

இருந்தது. இன்றைக்கு இருந்தது.

இடுப்புப் பிள்ளையை இறக்காமலே முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

காட்டு செக்போஸ்ட்டில் காவல் நிற்கும் கார்டுக்கு நம்பவே முடியவில்லை. புலிக்காடு என்று சொல்லி மலையிலிருந்த அவளுடைய பளியக்குடியைக் கீழே இறக்கித் தகரக் கொட்டகையில் போட்ட நாளாக இதே கூத்துதான். அவள் வருவாள். அவன் சீட்டு கேட்பான். அவள் திரும்பிப் போவாள்.

ஜீப்பில் வருகிறவர்கள் சீட்டைக் காட்டுவார்கள். பாதையை மறித்திருக்கும் கட்டை தூக்கப்படும்.

அதைப் பார்த்துத்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

அவன் படித்தான். வள்ளிக்கிழங்கு. தேன். கீரை. ஆற்று மீன். தினமும் கொடுக்கவும். கீழே டாக்டர் கையெழுத்து.

மலையில் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள். அதையே கொடு, தேறிவிடுவான் என்று எழுதியும் கொடுத்துவிட்டார், புண்ணியவான்!

"ஏம்மா, இது ஆஸ்பத்திரிச் சீட்டு. கடையில போயிக் குடு."

"கடை உள்ளதான சார் இருக்கு."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சட்டம் கிடைத்துவிட்டது.

"பேரு என்ன போட்டிருக்கு? சடையாண்டி, வயசு மூணு. உன் பேரு இல்லியே! யாரு பேருக்குச் சீட்டோ அவுகதான் உள்ள போகலாம்."

காட்டில் தீ வைக்காதீர் என்ற பலகையின் கீழே நின்று பீடியைப் பற்றவைத்தான்.

அவள் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது.

பிள்ளையை இறக்கிவிட்டாள்.

ஆடு நுழையாமலிருக்கக் கட்டைக்குக் கீழே தாழ்வாக ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நெற்றியில் இடிக்க வேண்டும்.

சடையாண்டி குனியாமலே போனான்.

கால் இரண்டும் தீக்குச்சி. நடை மட்டும் கலெக்டர் நடை.

"ஏய்! ஏய்! புலி நடமாடுற காடும்மா! புடி அவனை!"

பீடி விழுந்தது. போஸ்ட்டை விட்டு அவன் நகர்ந்தால் வேலை போய்விடும்.

அவள் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் கட்டைக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"எனக்குச் சீட்டு இல்லீங்களே சார்."

பிள்ளை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான்.

கார்டு கட்டையைத் தூக்கினான்.

அவள் ஓடினாள்.

முதுகுப்பக்கம் செருகியிருந்த கிழங்கு தோண்டும் கம்பு அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.