முப்பத்துமூன்று விதிகள்

காலை ஏழு ஐம்பத்திரண்டு.

பவுனு தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோது பின்பக்க பால்கனியில் டிரில் சத்தம் கேட்டது.

ராமசுப்ரமணியன் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். கிட்வாய் நகரில் அவர்கள் வீட்டில் பவுனு பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். அவர் ஒரு ஆணி அடித்துக்கூட அவள் பார்த்ததில்லை.

சுவரில், கூரைக்கு ஒரு சாண் கீழே, துளை போட்டுக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷின் மேல் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று ஒயரோடு கிடந்தது.

லைட்.

படிக்கிற பிள்ளைக்கு லைட் போடுகிறார்.

வெள்ளிக்கிழமைதான் கேட்டிருந்தாள். நீங்கள் ஊருக்குப் போகிற பன்னிரண்டு நாளும் நானும் என் மகள் சிந்துவும் அந்த பால்கனியில் படுத்துக்கொள்கிறோம், வீட்டுக்குள் வரமாட்டோம் என்று. அவர் மனைவி ஜலஜா, "பாக்கலாம்" என்றிருந்தாள்.

குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு பவுனுவுக்கு நகரத்தின் கடைசியில், நரேலாவில் வீடு கிடைத்தது. அங்கிருந்து இங்கே இரண்டு பஸ், இரண்டரை மணி நேரம். சிந்துவின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மையம் இந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முதல் தேர்வன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. பத்து மணிக்கு கேட்டை மூடுவார்கள். சிந்து பத்து ஏழுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இன்னும் நான்கு பாடம் இருக்கிறது. இன்னொன்று போனால் வருஷம் போய்விடும்.

"ஏழு மணின்னா உனக்கு எட்டுதான்" என்றாள் ஜலஜா, லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல்.

"பஸ்ஸு வரலம்மா."

"தினம் ஒரு பஸ் வரலை உனக்கு."

சாப்பாட்டு மேஜையில் ஜலஜாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த நான்கு வருஷ பிளாக் முடிவதற்குள், சர்க்கார் தரும் பயணச் சலுகையான எல்.டி.சி.யை எடுத்தாக வேண்டும். அந்தமானில் ஒரு தீவு. அங்கே சுத்தத்துக்காக நீலக் கொடி வாங்கிய கடற்கரை. புதன்கிழமை விமானம்.

"மம்மி, தேர்ட்டி த்ரீ கண்டிஷன்ஸ். எல்லாம் பாஸ் ஆனாத்தான் அந்த ஃப்ளாக் தருவா" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "தண்ணியை லேப்ல டெஸ்ட் பண்றா. நாய் அலவ்ட் இல்ல. நைட் யாரும் தங்கக் கூடாது."

"அதான் சுத்தமா இருக்கு."

பவுனு பாத்திரம் தேய்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, பால்கனிக்குப் போனாள்.

பழைய பேப்பர் கட்டுகளை ஓரமாக அடுக்கினாள். பக்கெட்டையும் ஸ்டாண்டையும் பாத்ரூமுக்குள் நகர்த்தினாள். தரையில் முழம் போட்டுப் பார்த்தாள். சிந்து காலை மடக்கிப் படுத்தால் இரண்டு பேருக்குப் போதும்.

பினாயில் ஊற்றித் தேய்த்தாள். மூலையை மட்டும் இரண்டாம் தடவை தேய்த்தாள்.

"பால்கனியை இன்னிக்கு யார் கழுவச் சொன்னா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கெடக்கட்டும்மா. சுத்தமா இருக்கட்டும்."

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். "ஒங்க புள்ளகுட்டி நல்லாருக்கும் சார். டார்ச்சு வச்சே படிச்சிக்கும்னுதான் நெனச்சேன்."

ராமசுப்ரமணியன் திருப்புளியைத் தேடினார். அது அவர் கையில் இருந்தது.

சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, பவுனு போனை வாயருகே வைத்துக்கொண்டாள். சிந்துவுக்கு எழுதி அனுப்ப அவளுக்குத் தெரியாது. பேசித்தான் அனுப்புவாள்.

"புக்கெல்லாம் கட்டி வச்சிக்க. போர்வ ஒண்ணு போதும். சார் லைட்டே போட்டுட்டாரு."

ஜலஜா கூப்பிட்டாள். செடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. துளசிக்கு ஒரு சொம்பு, மணி பிளான்ட்டுக்கு அரை சொம்பு. பன்னிரண்டு நாளும்.

"எட்டு மணிக்குள்ள ஊத்திடு. வெயில் ஏறினா கருகிடும்."

"எட்டு என்னம்மா, ஆறு மணிக்கே ஊத்திடுறேன். இங்கதான இருக்கப்போறோம்."

ஜலஜா கணவனைப் பார்த்தாள். அவர் ஸ்டூலை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆ கயா, படம் வந்துடுத்து" என்றாள் ஜ்யோத்ஸ்னா. போனைத் தூக்கிப் பிடித்தாள். "சூப்பர் க்ளியர். இருட்டுலயும் தெரியும். போர்ட் பிளேர்லேர்ந்தும் பாக்கலாம்."

பவுனு பால்கனி வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தாள்.

போனுக்குள் ஈரத் தரை பளபளத்தது. வாசலில் மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவுனு கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கினாள். ஒரு நொடி கழித்து அவளும் ஒதுக்கினாள்.

திரும்பி மேலே பார்த்தாள். வெள்ளை உருண்டையின் நடுவில் கறுப்பாக ஒரு கண் இருந்தது.

"மூலை தெரியறதா?" என்றாள் ஜலஜா.

"பாதிதான் தெரியுது, மம்மி. வாஷிங் மெஷின் மறைக்குது."

ராமசுப்ரமணியன் மடித்த ஸ்டூலை மறுபடி விரித்தார்.

ஜலஜா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மகளின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். குரலில் கோபமில்லை.

"பவுனு, அந்த மூலைல கொஞ்சம் படுத்துக் காட்டேன். படுத்தா தெரியறதான்னு பாத்துடறேன்."