கதவில் ஒட்ட ஒரு படம்

"கதவுல ஒட்டுறதுக்கு என்னை ஒரு படம் எடுத்துக் குடும்மா" என்றார் லூபென். டெனிட்சாவின் விரல்களிலிருந்து கேமரா மூடி நழுவி, குன்றின் பாறையில் உருண்டு போனது.

பிளோவ்டிவ் நகரத்தில் வீட்டுக் கதவில் ஒருவருடைய படம் ஏறினால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். முகத்தையும் பெயரையும் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று சிலுவையிட்டுக்கொண்டு போவார்கள்.

லூபென், டெனிட்சாவின் வீட்டுக்கு நேர்மேலே ஐந்தாம் மாடியில் மனைவி ரைனாவோடு இருப்பவர். கொஞ்ச நாளாகவே ஆள் இளைத்திருந்தார்.

"உடம்புக்கு என்ன மாமா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். காய்ச்சலிலும் அதையேதான் சொல்வார் என்பதால் அவள் நம்பவில்லை. ரைனா மகள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், அதற்குள் படம் வேண்டும், அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது என்றார். டெனிட்சா குனிந்து கேமரா மூடியைத் தேடினாள்.

பாவம், ரைனா மாமி. போன மாதம்தான் நாலாம் மாடியில் நின்றுகொண்டு, டெனிட்சாவின் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். எல்லா மாடியும் ஒரே அச்சு, யாருக்கும் குழம்பும் என்று டெனிட்சா சொல்ல, இருவரும் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

டெனிட்சா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடை மூடியதும் கேமராவோடு தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, சூரியன் விழும் நேரத்துக்குக் குன்றில் ஏறிவிடுவாள். அவள் படத்தில் வருகிற அத்தனை பேரும் சிவந்த வானத்துக்கு முன்னால் கறுப்பு நிழல்கள்தான். தர்ப்பூசணி தூக்கிப் போகிறவர், காதலர்கள், நாய் எல்லாமே.

"உன் படத்துல நானும் கழுதையும் ஒண்ணாத்தான் தெரிவோம்" என்றார் லூபென். "எனக்கு மூஞ்சி பளிச்சுன்னு தெரியணும். கலர்ல வேணும். இந்தத் தொப்பியோட."

"தொப்பியா? அதுக்கெல்லாம் கோட்டு, டை போட்டுத்தான் எடுப்பாங்க மாமா."

"தினம் எப்படி இருக்கேனோ அப்படியே எடு."

முகம் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அவர்மேல் விழ வேண்டும். அவள் முதல்முறையாகச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மழை விட்ட வானம் அன்று மாதுளம்பழம் போலச் சிவந்திருந்தது. இந்தக் கோடை முழுக்க அவள் காத்திருந்த வானம் அதுதான். சுற்றிலும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை.

"சிரிங்க மாமா."

"பல்லு தெரியணுமா?"

"இருக்கிறது தெரிஞ்சா போதும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மாலை வெளிச்சம் முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது.

இறங்கும் வழியில் டெனிட்சா கோயிலுக்குள் போனாள். இறந்தவர்களுக்குக் கீழ்த்தட்டிலும் இருப்பவர்களுக்கு மேல்தட்டிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவள் ஆண்டவரோடு வழக்காடுகிறவள் போல மேல்தட்டில் அழுத்தி நட்டுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை, பெரிதாக அச்சிட்ட படத்தோடு ஒரு பாத்திரம் பீன்ஸ் சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தாள். லூபென் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து அவள் திரும்பியபோது, கட்டட வாசலில் டாக்சி நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய ரைனா கைப்பையோடு முன்னால் படியேறிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்தங்கிய லூபென், டெனிட்சாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணும் பேசாம வா. வீட்டுக்கு ஒரு அடையாளம் சொல்லிவச்சிருக்கேன். அவளே போகட்டும்."

நாலாம் மாடியில் ரைனா நின்றாள். டெனிட்சாவின் பூட்டுக்கு நேராகச் சாவியை நீட்டினாள். பிறகு வெறுங்கதவை ஏற இறங்கப் பார்த்தாள். சாவியை இறக்கிக்கொண்டு மறுபடி படியேறினாள்.

லூபென் நிம்மதியாக மூச்சு விட்டார். டெனிட்சா மேலே ஓடினாள். படத்தைப் பார்த்ததும் மாமி விழுந்துவிடுவாளோ என்று பயம்.

ஐந்தாம் மாடிக் கதவில், ரைனாவின் உயரத்துக்குச் சரியாக, தொப்பி போட்ட லூபென் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் இல்லை, தேதி இல்லை, கறுப்புக் கரையும் இல்லை.

ரைனா அந்தக் கன்னத்தை விரலால் தடவினாள். சாவியைப் போட்டுத் திருப்பினாள். கதவு திறந்தது.

"இவரு சிரிக்கிற கதவுதான் எங்க வீடு."