மீன்பிடிச் சீட்டு

மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மீன் பிடிக்க அரசாங்கத்திடம் வாங்கிய அந்த அனுமதிச் சீட்டுதான் காரியத்தைக் கெடுத்தது.

“வேற மாநிலத்துக்காரன்னா விலை கூட, ஆர்டிஸ். இந்த ஊருன்னு ஒரு டிக் போட்டேன். இது ஒரு குத்தமா?” என்றான் வெர்லின்.

இருபது டாலர் மிச்சம். அந்த டிக்கைப் பிடித்துக்கொண்டு மினசோட்டா வரித்துறை இப்போது கேட்பது பதினோராயிரம். கடுகைத் தேடிப் பூசணிக்காயைக் கோட்டைவிடும் மனுஷன்! ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் வேலை தெற்கு டகோட்டாவில். அங்கே சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. அவளுக்கு இங்கே மினசோட்டாவில், பள்ளிக்கூடச் சமையலறையில்.

‘மனைவி இங்கே இருக்கிறாரே, அப்படியானால் கணவரின் வீடும் இதுதானே?’ என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் போக வேண்டும். இல்லையென்றால் கூரை மாற்ற வைத்திருந்த பணம் போயே போச்சு.

காலையிலிருந்து அவன் பெயரில் அவள் பதில் எழுதுவதும் அவன் அடித்துத் திருத்துவதுமாகவே இருந்தது.

ஈஸ்டருக்கு வந்தது நான்கு நாள் இல்லையாம், மூன்றுதானாம். ஆகஸ்டில் வரவே இல்லையாம். நாயை அங்கே கூட்டிப்போனது ஜூனில் இல்லை, மே மாதமேயாம். பல் மருத்துவர்கூட இப்போது அங்கேதானாம்.

ஒரு வாக்கியத்தையாவது அப்படியே விட்டானா! ஆறிப்போன காப்பியை சிங்கில் கொட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

கடைசியில் ஒரு உறுதிமொழி இருந்தால்தான் எடுபடும் என்று கணக்கர் சொல்லியிருந்தார். அதை அவளே எழுதினாள். பச்சைப் பொய். எழுதும்போது சிரிப்புக்கூட வந்தது.

‘வேலை முடிந்தாலும் மினசோட்டா வீட்டுக்குத் திரும்பி வந்து மனைவியோடு வாழும் எண்ணம் எனக்கு இல்லை.’

தாளைத் தள்ளிவிட்டு, பென்சிலையும் அவன் பக்கம் உருட்டினாள். “ம், ஆரம்பி. இதுல என்ன நொட்டை?”

வெர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். இன்னொரு தரம் படித்தான்.

பென்சிலைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

“இதுல திருத்த ஒண்ணும் இல்ல, ஆர்டிஸ்.”

கையெழுத்தைப் போட்டுவிட்டு, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டான்.

காலையிலிருந்து தேதி தேதியாக எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, இன்றைய தேதி வாயில் வரவில்லை.