டெல்லியில் மூடுபனி

குளியலறைக்குள் அவன் பாடிக்கொண்டிருந்தான்.

அவள் பால்கனியில் நின்றாள். கையில் இரண்டு போன்கள். ஒன்று அவளுடையது. மற்றொன்று, அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி அமுதாவுடையது.

வெயிலில் கண் கூசியது. எதிர் மாடியில் காயப்போட்ட பஞ்சுப் போர்வையின் பூக்கள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன.

டெல்லிக்கு வந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் அவள் நேராக இங்கேதான் வருவாள். மூடுபனியைப் பார்க்க வேண்டும். ஒரு வருடமாக அதோடு அவளுக்கு ஒரு தீராத பகை இருந்தது.

ஒரு நாளும் வரவில்லை.

"உன் மனசு கொஞ்சம் மாறட்டும்" என்று கணவன்தான் கூட்டிவந்தான். அவள் அப்பாவின் வருஷத் திதி முடிந்த கையோடு. நண்பன் தனசேகரும் அவன் மனைவி அமுதாவும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள்.

போன குளிர்காலத்தில் அலுவலக வேலையாக வந்தபோதும் அவன் இந்த வீட்டில்தான் தங்கினான்.

அப்போதுதான் அப்பா போனார்.

அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. "கொள்ளி நீங்கதான் வைக்கணும் மாப்ள" என்று முன்பே அவன் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். அவன் வராவிட்டால் அந்த உரிமை பங்காளிக்குப் போகும். வேலித் தகராறில் அப்பாவைக் கோர்ட் படி ஏற வைத்த பங்காளிக்கு.

அவன் போனில் சொன்னான்:

"ஏர்போர்ட்லதான் உக்காந்திருக்கேன். ஒரே மூடுபனி. ஒண்ணும் கிளம்பல."

பந்தலில் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு அவள்தான் விளக்கினாள். பள்ளியில் அறிவியல் எடுப்பவள். விளக்கம் தானாக வந்துவிடும்.

காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைச் சுமக்க முடியாது. ஈரம் பொடிப்பொடித் துளிகளாகி அங்கேயே மிதக்கும். அதுவும் மேகம்தான். தரையில் வந்து உட்கார்ந்த மேகம். விமானிக்கு ஓடுபாதை தெரியாது. அவர் என்ன செய்வார், பாவம்.

பக்கத்தில் அப்பா படுத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்தினாள்.

பொழுது சாயும்வரை பார்த்தார்கள்.

பிறகு அந்தப் பங்காளி வந்து நின்றான். கொள்ளிச் சட்டியை அவன்தான் தூக்கிக்கொண்டு போனான்.

இன்று காலை அமுதாவின் போன் தானாக ஒரு படத்தை எடுத்து நீட்டியது. அதன் பழக்கம் அது. எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் தேதியை முடிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த வருடம் அதே தேதி வந்தால் அவிழ்த்துக் காட்டும். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அதற்குத் தெரியாது.

"அண்ணனைப் பாருங்களேன்! அன்னிக்கு என்னா வெயிலு. ஸ்வெட்டரையே கழட்டிட்டாரு."

சிரித்தபடி போனை இவள் கையில் திணித்துவிட்டு அமுதா தோசையைத் திருப்ப ஓடினாள். துக்கச் செய்தியை அவன் அன்று அவர்களிடம் சொல்லியிருக்கவே இல்லை.

தாஜ்மஹால். பின்னால் கழுவித் துடைத்த நீல வானம். முன்னால் அவன். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, பல் தெரிய.

படத்தின் மேலிருந்த தேதியை அவள் படிக்கவில்லை. அப்பா போன ஆங்கிலத் தேதி அது; விழித்ததிலிருந்து அவள் நினைவில்தான் இருந்தது.

அவனுக்கு நினைவில்லை.

அமுதாவின் போனை நாற்காலியில் கவிழ்த்து வைத்தாள். தன்னுடையதைத் திறந்தாள்.

மதியம் விமானம். நாளை விடிந்தால் திருக்கடையூரில் மாமனாருக்கு எண்பதாம் கல்யாணம். மந்திரம் முடிந்ததும் கலசத்து நீரைப் பெற்றவர்கள் தலையில் மகன் ஊற்ற வேண்டும்.

அவருக்கு ஒரே மகன்.

டிக்கெட் போட்டவள் அவள்தான். ரத்து செய்வது இன்னும் எளிது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறு கட்டம் இருக்கும். தொட்டால் போதும், அந்த இருக்கை கைவிட்டுப் போகும். அரையாண்டு விடுமுறை முடியும் நேரம். இமைப்பதற்குள் வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். மற்ற விமானங்களில் நிற்கக்கூட இடமில்லை என்று நேற்றே தனசேகர் சொல்லியிருந்தான்.

இரண்டு கட்டங்களையும் தொட்டாள்.

உறுதியா என்று கேட்டது.

உறுதி.

பிறகு மாமியாரை அழைத்தாள்.

"கிளம்ப முடியல அத்தை. இங்க ஒரே மூடுபனி."

"அய்யய்யோ! அது என்னடி அப்படி ஒரு பனி?"

அவள் பொறுமையாக விளக்கினாள். காற்றில்லாத இரவு. சூட்டை விடும் தரை. ஈரத்தைச் சுமக்க முடியாத காற்று. ஒரு படி விடாமல், அதே வரிசையில். வெயில் அவள் பிடரியைச் சுட்டது.

"அப்ப மாமாவுக்கு யாருடி தண்ணி ஊத்துவா?"

"பங்காளி யாராச்சும் இருப்பாங்க அத்தை. எங்கப்பாவுக்கு இருந்தாங்கள்ல."

போனை அணைத்தாள்.

பாட்டு நின்றிருந்தது.

"ஏய், துண்டு!"

கொடியிலிருந்து உருவினாள். வெயிலில் துண்டு மொறமொறவென்று இருந்தது. குளியலறைக் கதவு இடுக்கு வழியாக ஓர் ஈரக்கை நீண்டது.

"நேரமாயிடுச்சா?"

"இன்னும் ரெண்டு மக் ஊத்திக்குங்க," என்றாள். "ஒண்ணும் கிளம்பல."