முதல் அடி யாருடையது?

புதுக் கோலாட்டம் மேடையேற வேண்டுமென்றால், ஆடும் இருவரில் ஒருவர் மற்றவரை அதிகமாக ஆட்டுவிக்கக் கூடாது. யார் தொடங்குகிறார், யார் பின்தொடர்கிறார் என்று, இருவரும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கருவியான கைக்காப்பு கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

கயற்கண்ணி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அமைத்த ஆட்டத்தை, கணவர் மருதவாணனோடு கூடத்தில் ஆடிப் பார்த்தாள். அறுபத்து நான்கு அடியில் ஒன்றுகூடப் பிசகவில்லை. காப்போ, "தொடங்கியவர் யாருமில்லை. இருவருமே பின்தொடர்ந்தீர்கள்" என்றது.

"இதுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? உங்களைப் பார்த்துத்தானே நான் கோலை ஓங்கினேன்!" என்றாள்.

"என்னையா? நான் உன் முகத்தைப் பார்த்துல்ல ஓங்கினேன்? முப்பது வருஷமா அப்படித்தானே ஆடுறேன்" என்றார் அவர்.

கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. அவள் கண் சுவருக்குப் போயிருந்தது. அங்கே மகன் படம் இருந்தது. செவ்வாய்க் கிரகத்துக்குப் போனவன். போனால் திரும்பி வர வழியில்லாத பயணம்.

"அப்போ, அவன் வந்து கேட்டப்ப... போகட்டும்னு முடிவு பண்ணினது நீங்கதானே?"

மருதவாணனின் கோல் ஓங்கியபடியே நின்றது.

"உனக்குச் சம்மதம்னு நெனச்சுல்ல நான் வாயையே தொறக்கல!"