நான்காவது அழைப்பு

ஈப்போ புந்தோங்கில் உள்ள தன் வீடு வாடகைக்கு என்று பேஸ்புக்கில் போட்ட அன்றே கெர்ட்ரூட் டீச்சருக்கு மூன்று பேர் போன் செய்தார்கள். மூன்று பேருமே அவர் மகள் ஜூலியானாதான்.

தோழியின் போனோடு மாடியில் உட்கார்ந்து, குரலை மாற்றி, முதலில் சீனப் பெண் மெய் லிங் ஆனாள். வந்து பாருங்கள் என்றார் டீச்சர். அடுத்து, மலாய்க்கார அக்கா, காக் சுரயா. "போலே, போலே! தாராளமா வரலாம்!" என்று டீச்சர் குழைந்தார். மூன்றாவது, சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண் மங்களம்.

"அடடா, வீடு நேத்தே போயிருச்சேம்மா."

ஜூலியானா இறங்கி வந்தாள். ஞாயிறன்று சர்ச்சில் சமத்துவம் பற்றிப் பேச டீச்சர் எழுதிய தாள் மேசையில் கிடந்தது. எடுத்து, அம்மாவின் குரலில், அதே செருமலோடு வாசித்தாள்.

"அன்பர்களே! இரண்டாயிரத்து ஒன்றில், ஆண் பெண் பேதம் கூடாதென்று மலேசிய அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். இரண்டாயிரத்து இருபத்து மூன்றிலிருந்து, வேலையிடத்தில் பாகுபாடு காட்டினால் லேபர் ஆபீசில் புகார் கொடுக்கலாம்..."

சட்டென்று மங்களம் ஆனாள். "வீடு நேத்தே போயிருச்சுங்களா டீச்சர்?"

"நீயாடி அது!" டீச்சருக்கு வியர்த்தது. "வாடகை வீட்டுக்கு இன்னும் சட்டம் வரலையே லா. தோட்டத்து ஆளுங்கன்னா ஒரே வீட்டுல பத்துப் பேரு..."

"தாத்தா எந்தத் தோட்டத்துலம்மா ரப்பர் பால் வெட்டுனாரு?"

"வாயை மூடு."

மறுநாள் காலை மறுபடி போன்.

"டீச்சருங்களா? சுங்கை சிப்புட் இருளாயி பேசுறேங்க. மகளுக்கு ஈப்போவுல நர்ஸ் வேலை. இங்க தோட்டத்து வீட்டை நாளைக்கு இடிக்கிறாங்க. வீடு இருக்குங்களா?"

டீச்சர் சிரித்தார். இரண்டாம் தடவை ஏமாற அவர் என்ன முட்டாளா?

"தாராளமா வாங்க இருளாயி! தோட்டத்து ஆளுங்கன்னா எனக்கு உயிரு. இன்னிக்கே வந்து சாவியை வாங்கிக்கங்க."

வைத்துவிட்டு மாடியைப் பார்த்துக் கத்தினார். "மகள், நர்ஸ் வேலை! நல்லாத்தான் நடிக்கிறடி!"

குளியலறைக் கதவு திறந்தது. வாய் நிறைய பற்பசை நுரையோடு ஜூலியானா எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

மதியம் டீச்சர் வீட்டு வாசலில் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரி வந்து நின்றது. இருளாயி இறங்கி, டீச்சரின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"ஒம்பது வீடு கேட்டோம் டீச்சர். தோட்டம்னதும் போனை வெச்சிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வாங்கன்னு சொன்னீங்க."

"அது வந்து... வீடு..." என்று இழுத்தார் டீச்சர்.

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள் ஜூலியானா. பிறகு, அதிசயமாக, தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"எங்கம்மா எப்பவும் அப்படித்தான் ஆண்ட்டி. அவங்களுக்கு அதுக்கெல்லாம் சட்டம் வேணாம்."